எதிரி: பெயர் தெரியாதவர்

காட்பாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
ஒரு கூட்டுறவு வங்கிக்குக் கதவு செய்துகொண்டிருந்தோம்.
மரமோ இரும்போ இல்லாத கதவு.
நாற்பத்திரண்டு டிகிரி. ஏசி சர்வருக்கு மட்டும்.
சாப்பிட்ட கையோடு எல்லோருக்கும்
சர்வரைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் இம்தியாஸ் பலகையில் ஒரு கட்டம் போட்டு
‘எதிரி’ என்று எழுதினான்.
யார், எங்கிருந்து, எந்த வழியாக?
முகம் மூடியவன், நள்ளிரவு, வெளிநாடு
என்று ஆளுக்கொன்று சொன்னோம்.
கோட்டை, அகழி, முதலை என ஆரம்பித்த மேனேஜர் சம்பங்கியைக்
கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்தோம்.
இந்த ஊரில் எதைப் பூட்டப் போனாலும்
யாராவது அகழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

கடவுச்சொல் என்று திரையில் வைத்தேன்.
சோதிக்க வந்த பன்னிரண்டு பேரில் நால்வர்
கடவுள் சொல் என்று படித்தார்கள்.
சுலபமாக ஊகிக்கக்கூடியவை என்ற பட்டியலில்
வள்ளிமலை முருகனைச் சேர்த்து
உள்ளே விடாதே என்று எழுதியவள் நான்.

“மறந்துட்டேன், நீங்களே பாத்துச் சொல்லுங்க.”
எங்களுக்கும் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.
அரைத்துத்தான் வைக்கிறோம்,
மிளகாய்த்தூளிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியுமா?
சிரித்துவிட்டார்.
“ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
இப்ப சாவி தெரியாத பேங்கு.”

மறதிக்கு மருந்தாகக் கைரேகைக் கருவியை
ராணிப்பேட்டைக்கு எடுத்துப்போனோம்.
சுண்ணாம்புத் தொட்டியில் பதினாறு வருஷம்
தோல் புரட்டிய கைகள்.
கண்ணாடியில் பச்சை வெளிச்சம்.
மீண்டும் வைக்கவும்.
மீண்டும் வைக்கவும்.
ஆட்டுத்தோலின் மயிரை எடுத்தது
இவர்கள் விரலில் இருந்த பெயரையும்
எடுத்துவிட்டிருந்தது.

அதனால் ஓடிபி. ஆறு இலக்கம், மூன்று நிமிடம்.

தனகோட்டி மட்டும் படிவத்தில் எழுதிய எண்ணை
எச்சில் தொட்டு அழித்தாள்.
“இது அவுரு போனு.”
பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு,
“போன மாசம் உங்க மெசேஜி நல்லாத்தான் வந்துச்சி மேடம்.
ஆயிரத்து நூத்தி நாப்பது இருக்குதுன்னு
அவுருகிட்ட சொல்லிச்சி.”
முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள்.

எல்லாச் சோதனையிலும் தேறிய மெசேஜ் அது.
வழியில் ஒருவரும் பிரிக்கவில்லை,
ஓர் எழுத்தும் மாறவில்லை,
சொன்ன நேரத்தில், சொன்ன எண்ணுக்கு.

பஸ் பாலாற்றைக் கடக்கையில் கணக்குப் போட்டேன்.
எண்ணை மாற்றித் தரலாம்.
மாற்றினால் பழைய எண்ணுக்குத் தகவல் போகும்.
திருடன் மாற்றினால் உரியவருக்குத் தெரிய வேண்டுமே என்று
நானே பெருமையாக எழுதிய விதி.
எடுத்தால் ஒன்பதாயிரம் பேருக்கு ஓட்டை.
வைத்தால் ஒருத்திக்கு.

இரவு ஒன்பதரைக்கும்
அந்த ஒரு வரிமேல் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
இம்தியாஸ் டீ வாங்கி வந்தான்.
பலகையில் கட்டம் அழியாமல் இருந்தது.
‘வெளிநாடு’ என்பதை அடித்துவிட்டு
‘ஒரே ரேஷன் கார்டு’ என்று எழுதினேன்.
இது நம்ம வேலையில வராதேம்மா என்றார் சம்பங்கி,
ஆனால் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை கிளைக்கு அவளே வந்தாள்.
டிபன் பாக்ஸ் மூடிக்குள்
சோற்றுப் பருக்கை ஒட்டிய ஒரு சிம்.
“எதுக்கு மாத்தணும்? புதுசா ஒண்ணு தொறங்க.
ஓவர்டைம் காசு அதுல விழட்டும்.
பழசு அப்பிடியே கெடக்கட்டும்,
அவுருக்கு மெசேஜி வந்துனே இருக்கட்டும்.”

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று
இம்தியாஸ் என் காதில் சொன்னான்,
வெளிநாட்டில் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்களாம்.
நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

“மூணு தபா தப்பாப் போட்டா பூட்டிக்குமில்ல?”
பூட்டிக்கும் என்றேன்.
“அது போதும்.
அவுருக்கு ரெண்டு தபாக்கு மேல பொறுமை கெடயாது.”