ஆறு மணிச் சங்கு

அவிலேஸில் உருக்காலை எரிந்த காலம்.
நாங்கள் நால்வர். குழுவின் பெயர் இரவு ஷிப்ட்.
யோசித்து வைத்ததல்ல,
வாசிக்க மிஞ்சியது அந்த நேரம்தான்.

எண்பத்திரண்டு, ஜனவரி.
என் மாமாவின் மீன் கிடங்கில் முதல் ஒலிப்பதிவு.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
அட்டையெல்லாம் மத்தி நாற்றம்.
ஏழாவது பாட்டின் முடிவில்
எலாதியோ வாயைத் திறந்தான்.
அதே நொடியில் ஆலைச் சங்கு.
பதினோரு விநாடி.
மைக்குக்குப் பேதம் தெரியாது, இரண்டையும் விழுங்கியது.
மறுபடி எடுக்க நாடாவும் இல்லை, காசும் இல்லை.

'இப்படியொரு தொண்டை
இந்தத் தேசத்தில் இதுவரை இல்லை'
என்றது மாட்ரிட் பத்திரிகை.
வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.
நான் டிரம்மர். எண்ணுவது என் வேலை,
சொல்வது அல்ல.

பிறகு வேன்.
கயிறு கட்டிய கதவு, சமோரா, அல்பாசெத்தே,
காளை செத்த மணலின் ஈரத்தில் ஆம்ப்ளிஃபையர்.
ஊர் ஊராக
அந்தப் பதினோரு விநாடியைத் துரத்தினான்.
நான்கு வந்தது. புர்கோஸில் ஒருமுறை ஆறு.
மிச்சத்தைக் கஸிமீரோ கிட்டாரால் மூடினான்.
தேன், பிராந்தி, குரல்நாணில் முடிச்சு,
கத்தி வைத்த மருத்துவருக்கு
இலவச டிக்கெட் இரண்டு.

மூன்றாம் ஆல்பம் ஆங்கிலத்தில் என்றது கம்பெனி.
என்ன பாடுகிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.
வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்,
அவர்களைத்தான் காணோம்.
நிகனோர் மாமனாரின் டைல்ஸ் கடைக்குப் போனான்.
கஸிமீரோ கல்யாணங்களுக்கு.
தொண்ணூற்றொன்றில் எங்களுக்குச் சங்கு.
பிறகு
சங்குக்கே.

போன ஆகஸ்டில் நகராட்சி கூப்பிட்டது.
எங்களுக்கு முந்தைய நிகழ்ச்சி
குழந்தைகளுக்கான சோப்பு நுரை.
மேடை வழுக்கியது.
கீழே முந்நூறு பேர்,
பொத்தான் எட்டாத தோல் ஜாக்கெட்டுகள்.
ஏழாவது பாட்டு.
எலாதியோ மைக்கை விட்டுத் திரும்பி வந்து
என் இடது காதில் ஏதோ சொன்னான்.
இடது காது செவிடாகி இருபது வருஷம்.
தலையாட்டினேன்.

முன்வரிசையில் ஒருத்தி,
கிரேன் ஓட்டிய கோவதோங்கா,
உள்ளங்கை இரண்டையும் வாயில் குவித்தாள்.
அதே சுருதி. அதே இழுப்பு.
பக்கத்தில் இருந்தவன் சேர்ந்தான்,
பிறகு மொத்தச் சதுக்கமும்.
சங்கை.
எங்கள் பாட்டை அல்ல.

மாட்ரிட்டுக்குத்தான் தெரியாது.
முப்பது வருஷம் அந்தச் சத்தத்தில் எழுந்து
காலுறை தேடிய ஊருக்கா தெரியாது?

எலாதியோ வாய் மூடி நின்றான்.
நான் எண்ணினேன், பதினொன்று, பதினாறு,
எங்கோ விட்டுவிட்டேன்.
காதில் என்ன சொன்னான் என்று
இன்னும் கேட்கவில்லை.
வீடு வரை
பெடலில் நுரை.