ஆறு பாயிண்ட் எழுத்து

மஞ்சக்குப்பத்தில் பத்திரப்பதிவு அலுவலகம் போகும் வழியில்
பக்கத்துக்கு நாற்பது ரூபாய் வாங்கும்
டிடிபி கடை என்னுடையது.
கிரயம், விடுதலை, பாகப்பிரிவினை.
‘இதற்கு நான்கெல்லையாவது’ என்று தொடங்கினால் போதும்,
மீதியை விரல்களே அடித்துவிடும்.

பரங்கிப்பேட்டை ஜெய்லானி மரைக்காயர்
போன புதன்கிழமை கொண்டுவந்ததற்குத்தான்
எல்லை பிடிபடவில்லை.
கிளந்தான்.
மலாய்க்காரர்களின் பழைய சீமை.
நான்கு இரவு, ஐந்து பகல், விமானக் கட்டணம் தனி.
“தமிழ்ல போட்டுடும்மா,
படிச்ச கையோட கிளம்பணும்.”

கடையை அவர்கள் கெடாய் என்கிறார்கள்,
கப்பலைக் காப்பல்.
ரெண்டும் இங்கேர்ந்து ஏறிப்போனதுதான் என்றார்,
தானே துறைமுகத்தில் நின்று கையசைத்தவர் போல.
கோலம் என்றால் அங்கே குளமாம்.
அன்று காலை வாசலில் நான் போட்டிருந்த
எட்டுப் புள்ளிக் குளத்தில்
யாருடைய டிவிஎஸ்ஸோ நின்றுகொண்டிருந்தது.

வாவ் புலான்: நிலாப் பட்டம்.
ஆள் உயரத்தைத் தாண்டும்.
தலையில் ஒரு வில் கட்டியிருக்கும், அது
இரவெல்லாம் நெல்வயலுக்கு மேலே
முனகும்?
நோயாளி மாதிரி இருக்கிறது.
ரீங்கரிக்கும்? பாடப்புத்தகம்.
உறுமும் என்று போட்டால் டிக்கெட் விற்காது.
அரை மணி நேரம் அந்தப் பட்டம்
வினைச்சொல் இல்லாமல் வானத்தில் நின்றது.
“டிரான்ஸ்ஃபார்மர் இரையுமே, அப்படியா?”
ஆதார் நகல் எடுக்க வந்த லைன்மேன் பாவாடைராயன்
சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்.
இரையும்.
அடித்தேன். நூல் இழுத்துப் பிடித்தது.

சங்குப்பூவில் வெந்த சோறு நீலமாய் இருந்தது.
படத்தின் நிறத்தைச் சரிசெய்யப் போன கையை
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எட்டுக்கோணச் சந்தை. முக்காடிட்ட பெண்கள்
காய்கறிக் குவியலுக்கு நடுவே அதே மேடையில்
கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.
‘சிரித்துப் பேரம் பேசவும்’ என்கிறது மூலம்.
முதலில் ஓ.டி. மீன் அங்காடிக்குப் போய்
தையல்நாயகியிடம் சிரித்துப் பாருங்கள்
என்று ஒரு குறிப்பு சேர்க்க வாய் வந்தது.

தோல்பாவைக் கூத்தில் ‘செரி ராமா’.
பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டது.
ஸ்ரீ என்று மாற்றினேன். மறுபடி செரி என்றே ஆக்கினேன்.
போன இடத்திலேயே தங்கிப்
பேச்சு மாறிப்போனவர்கள் நம் தெருவிலும் உண்டு.

ஸ்தோங் மலையில் ஏழு அடுக்கு அருவி.
அட்டைகள் உண்டு, நீண்ட காலுறை அவசியம்.
“அட்டைய எடுத்துடும்மா.”
எடுத்துவிட்டேன்.

கடைசிப் பத்தி:
‘நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை.
ஆறுகள் கரை மீறும். பயணத்தைத் தவிர்க்கவும்.’
இதற்கு நான் அகராதியைத் திறக்கவில்லை.
கெடிலம் இந்த அறைக்குள் வந்த வருடம்
சிபியூவை பீரோ மேல் ஏற்றிவிட்டு
ஊராருடைய பத்திரங்களைக் கொடியில் கிளிப் போட்டுக்
காயவைத்தேன்.
எல்லாருடைய நான்கெல்லையும்
ஒரே பழுப்பாய்த் தொங்கியது.
அந்த வாரம் அங்கேயும் இதே காற்றுதான்
அடித்திருக்கும்.

“இதையும் எடுத்துடு.
டிசம்பர் லீவுலதான் ஆளே வரும்.”
சரி என்றேன்.

அவர் டீ சொல்லப் போன நேரத்தில்
விலைக்கும் விலாசத்துக்கும் கீழே
ஆறு பாயிண்ட் எழுத்தில்
அந்த வரியைத் திரும்ப வைத்தேன்.

ப்ரூஃபைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
நிலாப் பட்டத்தில் கொஞ்சம் நின்றார்.
“போன் நம்பரைப் பெருசாக்கு” என்றார்.
பெரிதாக்கினேன்.
மழை இன்னும் கீழே இறங்கியது.
வெட்டுக்கத்திக்கும் அதற்கும் நடுவே
இப்போது இரண்டு மில்லிமீட்டர்.