ஒரு விரற்கடை

சில்வண்டுக்குத்தான் இந்த வாரம்
கால் வேகம் என்று நினைத்தேன்.
க்ரோஷ் பாய்ந்தாள்.
வண்டு நின்ற இடத்துக்கு
ஒரு விரற்கடை தள்ளி
வாய் மூடியது,
வெறும் மணலில்.

க்ரோஷ் என்றால் எங்கள் நாட்டில்
ஆகச் சின்ன நாணயம்.
வாங்கி வந்த அன்று
உள்ளங்கையில் அவ்வளவுதான் கனத்தாள்.

க்தீனியா கப்பல் தளத்தில் எனக்கு இரவு வேலை,
இரும்போடு இரும்பைப் பற்றவைப்பது.
நவம்பரில் நான் பார்க்கும் பகல்
பேருந்துச் சன்னல் அகலம்.
அதனால் கவனிக்கவில்லை என்று சொல்லலாம்.
சொல்லியும் பார்த்தேன்,
கண்ணாடித் தொட்டியிடம்.

குறி சொல்லும் பல்லிகள்
வேறு ஊர்களில் இருக்கலாம்.
என்னுடையது குறி தவறும் பல்லி.
சுவர் ஏறாது, இமை உண்டு,
மஞ்சள் தோலில் சிறுத்தைப் புள்ளி.

டார்ச் அடித்தேன்.
இடக்கண் ஒரு கோடாகச் சுருங்கியது.
வலக்கண்ணில் இமை பாதி ஒட்டி
உள்ளே
ஆறிய பாலின் ஆடை.

அப்போதுதான் புரிந்தது,
கல்லில் அவள் கன்னம் தேய்த்தது
செல்லம் இல்லை.

எனக்குத் தெரியும் அந்த வலி.
நான் முகமூடி இறக்குமுன்னே
லுதோமிர் பக்கத்து மேடையில் பொறி மூட்டினான், ஒருமுறை.
அன்றிரவு இமைக்கடியில் கண்ணாடித் தூள்.
உருளைக்கிழங்கு வில்லைகளைக் கண்மேல் கட்டிக்கொண்டு
தெருவுக்கே கேட்கும்படி அவனைத் திட்டினேன்.
இவளுக்குத் திட்ட வாயில்லை,
கல்தான் இருந்தது.

சாமணம் எடுத்தேன்.
நடுங்காது என்று தளம் முழுக்கப் பெயர் வாங்கிய கை.
அந்த ஆடையின் நுனிவரை போனேன்.
கட்டைவிரலின் கீழே
அவள் முழு உடம்பும் ஒரே நாடியாய் அடித்தது.
சாமணத்தை வைத்துவிட்டேன்.

காலுறைக்குள் வெந்நீர்ப் புட்டி,
அதன்மேல் டப்பா, டப்பாவுக்குள் அவள்,
எல்லாம் என் கோட்டுக்குள்.
டிராலிபஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்,
வயிற்றைப் பார்த்து.
மறுக்கவில்லை.

டாக்டர் யாக்னா வில்செக்
உப்புநீரைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக் காத்திருந்தார்.
“வண்டுக்கு என்ன தூவுகிறீர்கள்?”
“சுண்ணாம்புச் சத்து.”
“அது மட்டுமா? வைட்டமின் ஏ?”
நான் சுவரில் ஆமைப் படத்தைப் பார்த்தேன்.
“எப்போதிலிருந்து இப்படி?”
“வியாழனிலிருந்து.”
பஞ்சு நுனியால் உருட்டி எடுத்தார்.
ஒரு கடுகு.

மணலை அள்ளிக் கொட்டினேன்,
காகிதம் விரித்தேன்.
உரிக்கும் தோல் ஊறட்டும் என்று
ஒரு மூலையில் ஈரப் பாசி.
கல்லும் தண்ணீர்க் கிண்ணமும்
இனி இடம் மாறாது.
காலையும் மாலையும் களிம்பு.

ஆறாம் நாள் தொலைபேசினேன்.
“டாக்டர், போக்னா பேசுகிறேன்.
வியாழன் இல்லை.
கல்லறைகளில் விளக்கேற்றினோமே,
அதற்கும் முன்னால்.”
“தெரியும்” என்றார்.
“அந்தக் கடுகைப் பிரித்துப் பார்த்தேன்.
வெங்காயம்போல மூன்று தோல்.
மூன்று முறை உரித்திருக்கிறாள்.”
சற்று நேரம் கம்பியில் இரைச்சல்.
பிறகு,
“இன்று எடை எவ்வளவு?”
“முப்பத்தெட்டு கிராம்.”
“நல்லது.”

வலக்கண் திரும்பவில்லை.
இடுக்கியால் கிண்ணத்தை மூன்று தட்டு தட்டுகிறேன்.
தலை சாய்க்கிறாள்.
இடப்பக்கமாய்ப் புழுவைக் கொண்டுபோகிறேன்.
பாய்கிறாள்,
சில நாள் சரியாக,
சில நாள் அதே விரற்கடை தள்ளி.
அந்த நாளில் புழுவைச் சட்டென நகர்த்துகிறேன்,
அவள் பாய்ந்த இடத்தில்தான்
அது முதலிலிருந்தே இருந்ததுபோல.

வெளியே டிராலிபஸ் கம்பியில்
நீலமாய் ஒரு பொறி.
வேலைப் பழக்கம், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
அவள் திருப்பவில்லை.
ஒரு கண்
கோடாகச் சுருங்கி
மெல்லத் திறந்தது.