பதினொன்றோ பதின்மூன்றோ

மூன்று போதும் என்றேன்.
நளீர் வலையைத் தண்ணீருக்குள் விடவேயில்லை.
"ஆறுக்குக் குறைஞ்சா தரமாட்டன் சேர்.
தனிச்சா நிறம் விட்டிரும்.
இலைக்குப் பின்னால போய் நிண்டு
தின்னாமலே முடிஞ்சிரும்."
ஏகாம்பரம் வீதியில் அன்று எனக்குச் சம்பள நாள்.
பன்னிரண்டு வாங்கினேன்.

எம்பர் டெட்ரா என்று பெயர்.
கட்டைவிரல் நகத்தளவும் இல்லை,
ஊதிவிட்ட தணல் நிறம்.
பொலித்தீன் பையை மோட்டார்சைக்கிளில் தொங்கவிட்டு
ஊர்ந்து ஊர்ந்து உவர்மலை ஏறினேன்.
பின்னால் வந்த பஸ்
ஹோர்ன் அடித்துக் களைத்தது.

கீழ்வீட்டு யூஜின்
ஐஸ்பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.
பையை வாங்கி வெயிலுக்குப் பிடித்தார்.
"ஒண்டு என்ன விலை?"
"நூற்றிநாற்பது."
"ஒரு கிலோ நெத்தலியில எத்தினை கிடக்கும் எண்டு
எண்ணிப் பாத்திருக்கிறியா தம்பி?"
விரல் மடித்தார்,
அந்த விலைக்குக் கொட்டியாரக்குடா முழுவதையும்
மனதுக்குள் விற்றுப் பார்த்தார்,
தலையில் அடித்துக்கொண்டு
பெட்டிக்குத் திரும்பினார்.

கிணற்றுத் தண்ணீர் சரிவராது,
கேத்தில் அடியில் சுண்ணாம்பு படிகிற தண்ணீர்.
குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்து
குளோரீன் போகவிட்டேன்.
டச்சுக்குடா ஓரம் கொட்டாங்காய்ச் சருகு பொறுக்கி
அவித்துப் போட்டேன்.
தொட்டி முழுக்க
சாயம் குறைந்த பிளேன்ரீ.
நட்ட கிரிப்டோ முதல் வாரமே கரைந்து போயிற்று.
பிடுங்க வேண்டாம், வேர் கிடக்கும் என்றான் நளீர்.
கிடந்தது.

எண்ண மட்டும் முடியவில்லை.
ஏழு வரை வரும்.
எட்டாவது, பாசியைச் சுற்றிப் போய்
மூன்றாவதாகத் திரும்பி வரும்.
ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்புகிறது;
அந்த ஒன்று எது என்று
இந்தப் பத்து மாதத்தில் பிடிபடவில்லை.

எனக்கு மின்சார சபையில் வேலை,
பிறேக்டவுன் ரெலிபோன்.
வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்தவனை
இந்த ஊருக்குக் குரலாகத்தான் தெரியும்,
அதுவும் இருட்டில்,
அதுவும் ஏசுவதற்கு.

ஐப்பசியில் ஓரிரவு
கம்பியில் வேம்பு சரிந்து
பாலையூற்று முதல் உவர்மலை வரை ஒரு பொட்டு வெளிச்சமில்லை.
பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை என்றார்கள்,
பிரிட்ஜில் இன்சுலின் என்றார்கள்,
விடிந்தால் கல்யாணம், தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றார்கள்.
அறுபத்திமூன்று பேருக்கும் ஒரே பதில்:
"ஆக்கள் போயிருக்கினம்."
அறுபத்திநாலாவதாக நானே எடுத்துக் கேட்கலாம் போலிருந்தது:
உவர்மலை, மேல்மாடி,
பன்னிரண்டு பேர் இருக்கினம்,
காற்று நின்று மூன்று மணித்தியாலம்,
செடியும் இரவில் மூச்சு வாங்குமாம்,
கரண்ட் எப்ப வரும்?

யூஜினுக்கு அடித்தேன்.
மற்றச் சாவி அவரிடம்.
"ம்" என்றார். வைத்துவிட்டார்.

விடியப்புறம் வீதி நடுவே மான்கள் படுத்திருந்தன.
ஹெட்லைற்றுக்கும் எழும்பவில்லை,
சுற்றிக்கொண்டு வந்தேன்.
கதவு திறந்து கிடந்தது.
கதிரையில் யூஜின்.
வாயில் ரோர்ச், கையில் குளியல்கோப்பை.
தொட்டியிலேயே கோலி
சாண் உயரத்திலிருந்து தொட்டிக்கே ஊற்றுகிறார்.
ஊற்றும் இடத்தில் குமிழி. குமிழிக்குக் கீழே
அணையாத தணல்.

ரோர்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னார்:
"பதின்மூண்டு கிடக்கு."
"பன்னிரண்டு அண்ணை."
"டேய், நான் மீனில பிழைக்கிறவன்."

இருவரும் கண்ணாடியில் மூக்கு முட்ட இருந்தோம்.
அவர் பத்தில் நின்றார், நான் ஆறில்.
அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது.
பம்ப் இருமிற்று,
பளீரென்று எல்லாம் சிதறி
பாசிக்குள் போயின.

கோப்பையை உதறிக் கவிழ்த்து வைத்தார் யூஜின்.
"கடைக்காரன் ஒண்டு கூடத் தந்திட்டான்.
போய்ச் சொல்லிக்கில்லிப் போடாதை."