பெருவிரல்

அயனிக் கட்டையில் மயிரிழை விரிசல்.
லேத்தை அணைத்தேன்,
அது முழுசாய் நிற்கும்வரை நானும் நின்றேன்.
சுற்றும்போதே பசை விட்டான் தக்கலை மரியதாசன்;
இமை ஒட்டி
ஆசாரிப்பள்ளத்தில் ரெண்டு ராத்திரி.

கண்ணாடி போட்டிருந்தேன்.
ஃபேன் நெடியைத் தெருவுக்குத் தள்ளியது.
பருத்திக் கையுறை பெஞ்சுக்கு அடியில்:
பஞ்சு இந்தப் பசையைக் குடித்தால்
தீக்குச்சி இல்லாமலே புகையும்.
போன ஆனியில் சட்டைக்கையில் ஒரு சொட்டு,
முழங்கையில் காசளவு கொப்புளம்.

எல்லாம் சரிதான்.
விரிசலில் காப்பித்தூள் அடைத்து
சொட்டு விட்டபின்
வழிந்ததைத் தடுக்கப் போனது பெருவிரல்,
என்னைக் கேட்காமல்.
கருங்கலில் அன்றைக்குச் சாரல்.
ஈரக்காற்றில் பத்து எண்ணுமுன் இறுகிவிடும்.

இழுக்கவில்லை. இழுத்தால் தோல் வரும்.
சோப்புப் போட்ட வெந்நீர்,
பிறகு பெனிட்டாவின் நெயில் பாலிஷ் ரிமூவர்
பஞ்சில் நனைத்து ஓரம் ஓரமாய்.
அவள் ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்தாள்,
விரல் விட்டது.

சாயங்காலம் ரேஷன் கடை.
மெஷினில் வைத்தேன்.
பாவாடையில் துடைத்து வைத்தேன்.
ஊதி வைத்தேன்.
"இது நீங்க இல்லியாம் அக்கா"
என்றான் பில் போடும் பையன்.
அரிசிப்பை மடிந்தபடியே வீடு வந்தது.

ராத்திரி கிண்ணத்தை விளக்கடியில் சாய்த்தேன்.
விரிசல் போன இடம் தெரியவில்லை.
அதன்மேல் கண்ணாடியாய் இறுகி
சுழி சுழியாய் என் ரேகை.

உப்புத்தாள் எடுத்தேன்.
கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தேன்.