முக்கால்வாசி காற்று

பாட்டில் தீர்ந்த அன்றுதான்
தலையைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன்.
உள்ளே கொசுவலைத் துண்டுபோல் ஒரு சல்லடை.
அவ்வளவுதான் சூட்சுமம்.
மாதாமாதம் நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு
நாங்கள் வாங்கியது
முக்கால்வாசி காற்று.

குளியலறையில் தேய்ந்து கிடந்த
சிவப்பு சோப்புத் துண்டுகளைத் துருவினேன்.
மீதிக்குத் தண்ணீர்.
ராமமூர்த்தி நகரில் தண்ணீர் என்றால் போர்வெல்,
ஆயிரம் அடிக்குக் கீழிருந்து ஏறி வரும் சுண்ணாம்பு.
நுரைக்கவில்லை.
திரிந்த பாலாய்த் திட்டுத் திட்டாக மிதந்தது.
சகாயம் எட்டிப் பார்த்து
"பனீர் பண்றியா?" என்றான்.

தெருமுனை இயந்திரத்தில்
ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் இருபது லிட்டர்.
கேனோடு வரிசையில் நின்றேன்.
"குடியோக்கா?" என்றார் முன்னால் நின்றவர்.
தலையாட்டி வைத்தேன்.
குடிக்கிற தண்ணீரில் கை கழுவப்போகிறேன் என்று
எந்த மொழியில் சொல்வது?

கொதிக்கவைத்து, கரைத்து, ஆறவிட்டு,
பழைய துப்பட்டாவில் வடிகட்டி,
இந்த முறை அமுக்கியதும்
உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது நுரை,
கனமே இல்லாமல்,
போன மாதத்து நுரையைப் போலவே.

ஞாயிறு மதியம்
சாப்பிட வந்த அவன் மேனேஜரின் மனைவி
கை கழுவி, முகர்ந்து,
"செர்ரிப்பூ!
ஜப்பான் போனப்போ ஊரெல்லாம் இதே வாசனை" என்றாள்.

லேபிளை நான் கிழிக்கவில்லை.
சகாயம் என்னைப் பார்க்காமல்
அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான்.

நான் செர்ரிப்பூ பார்த்ததில்லை.
ஆஸ்பத்திரி வராந்தா மாதிரிதான் மணக்குமோ என்னவோ.
அவள் தட்டில்
இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன்.