மூடுபனி என்று சொன்னேன்

இந்த நாட்டை நூற்றுப்பன்னிரண்டு முறை
குறுக்கே கடந்திருக்கிறேன்.
ஊர்களைக் கேட்டால் நடைமேடைகளாகத்தான் சொல்ல வரும்.

பெர்ம்: இருபது நிமிடம், நிலக்கரி ஏற்ற வேண்டும்.
யெகத்தரின்பூர்க்: கோடரியின் பின்புறத்தால்
பெட்டியின் அடிவயிற்றுப் பனிக்கட்டியைத் தட்டிவிடுவது.
அப்போது கையுறைக்குள் இருப்பவை
வேறு யாருடையவோ விரல்கள்.
ஓம்ஸ்க்கில் குப்பைப் பைகள்.
நோவோசிபிர்ஸ்க் நிலையத்தின் பச்சைச் சுவருக்கு அப்பால்
பெரிய நகரம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்.
இருக்கலாம்.
நான் பார்த்தது ஒரு கம்பளித் தொப்பிக் கடை,
அதுவும் பூட்டிக் கிடந்தது.

ஏழாம் பெட்டி எனக்கும் தரிமாவுக்கும்.
முப்பத்தாறு படுக்கை, ஒரு கொதிகலன், இரண்டு கழிப்பறை,
எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டிய தேநீர்க் கோப்பைகள்.
ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

பதினோராம் படுக்கைக்கு வந்தார் வெனியமின் அர்க்காதியெவிச்,
சரத்தோவில் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்.
"முப்பத்தெட்டு வருஷம் மேலும் கீழுமாகப் போனேன், குல்சினா.
மிச்சத்தைப் பக்கவாட்டில் போகலாம் என்று."
கட்டம் போட்ட தாளில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்:
உரால், ஓப், யெனிசேய், பைக்கால், அமூர், கடல்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்.
கூராகச் சீவிய பென்சில்.

உரால் அவரை ஏமாற்றிவிட்டது.
"இதுவா மலை? எங்கள் மாடிப்படி இதைவிடச் செங்குத்து!"
ஆனாலும் குறி போட்டார்.
யெனிசேய் பாலத்தில் இரும்புச் சட்டங்கள்
ஆற்றைச் சட்சட்டென்று நறுக்கித் தந்தன.
துண்டுகளை எண்ணினார்,
நடுவில் கணக்குத் தவறியதும்
என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இர்கூத்ஸ்க்குக்கு முந்தைய இரவு கொதிகலன் அருகே வந்து
"பைக்கால் வந்ததும் எழுப்புங்கள்,
எழாவிட்டால் காலைப் பிடித்து இழுங்கள்" என்று
ஒரு சாக்லேட் கட்டியை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
இதை எதற்குச் சொல்கிறேன் என்றால்,
வாங்கிக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு.
மாஸ்கோவிலேயே நின்றுவிட்ட அவர் கடிகாரத்தில்
இன்னும் இரண்டுகூட ஆகவில்லை.
ஒரு கையில் துடைப்பம்,
மறுகை அவருடைய கதவுப் பிடியில்.
மற்ற நூற்றுப்பதினொரு முறையும் இந்த இடத்தில்
அழுக்கு விரிப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன்,
அல்லது என் முறை முடிந்து தூங்கிக்கொண்டிருப்பேன்.
தரிமா இந்தப் பக்கத்துக்காரி. அவள் சொல்வாள்,
ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது.

முதலில் ஒன்றுமில்லை. வெள்ளைக்கு மேல் சாம்பல்.
பிறகு பனிக்கட்டியின் உள்ளிருந்து
ஒரு நீலம் மெதுவாக ஏறி வந்தது.
விரிசல்கள் கரையிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம் ஓடின.
நடுவில் ஒரு முக்காலி, ஒரு ஆள், ஒரு துளை,
தூண்டில் கயிறு பிடித்த கை.
அவன் தலை நிமிரவில்லை, ரயில் அவனுக்கு நேற்றும் வந்தது.
வெயில் வந்து அவனைத் தொடவில்லை இன்னும்,
அவனுடைய தகர வாளி மட்டும் பற்றிக்கொண்டது.

கதவுப் பிடி என் கைச்சூட்டில் வெதுவெதுத்தது.
இந்த வளைவு முடியட்டும், எழுப்பலாம்.
அடுத்ததும் முடியட்டும்.
எழுந்தால் பேசுவார். பட்டியலை எடுப்பார்.
எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்பார்.

மூன்று மணி நேரம் கூடவே வருகிற ஏரி அது.
ஒரு மனிதரை எழுப்ப
மூன்று மணி நேரம் போதாதா?

உலான்-உதே நடைமேடைச் சத்தத்தில் அவராகவே விழித்தார்.
"வந்துவிட்டதா?"
"மூடுபனி" என்றேன். "ஒன்றும் தெரியவில்லை. யாருக்குமே."
வாளியில் கரி அள்ளிக்கொண்டிருந்த தரிமா
நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு
மறுபடி அள்ளத் தொடங்கினாள்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
கட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில்
மூடுபனி என்று எழுதி,
அதற்கும் ஒரு குறி போட்டார்.

விளாதிவஸ்தோக்கில் இறங்கும்போது
கடல் காற்றில் தொப்பியைப் பிடித்தபடி கை குலுக்கினார்.
"நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்" என்றார்.

உள்ளே போய்க் கோப்பைகளை எண்ணினேன்.
முப்பத்தாறு.
எதுவும் குறையவில்லை.